அடி வாங்காத குங்ஃபூ!

இரண்டு கைகளும் மெதுவாக மேலே எழும்புகின்றன. முழங்கால் லேசாக மடங்குகிறது. முகத்தில் அப்படி ஓர் அமைதி. எதிரே ஒரு முரட்டு ஆசாமி உடம்பை முறுக்கிக்கொண்டு நிற்கிறார்.

டப்பிங் சைனீஸ் படம் பார்த்து வளர்ந்த நமக்கு அடுத்த சீன் அத்துப்படி. அமைதியான ஆள் ஒரே ஒரு விரலை நீட்டுவார். முரட்டு ஆசாமி நாலு மேஜையை உடைச்சுக்கிட்டுப் போய் விழுவார். சுபம்!

ஆனால், 2017 ஏப்ரல் 27-ம் தேதி சீனாவின் செங்டு நகரில் நடந்த கதையே வேற. அமைதியாகக் கையைத் தூக்கி நின்றவர் வெய் லெய். தாய்ச்சி மாஸ்டர். சீன அரசு டி.வி.யிலேயே வந்து பந்தா காட்டியவர். உள்ளங்கையில் ஒரு புறாவை நிறுத்தி, கண்ணுக்குத் தெரியாத சக்தியால் அதைப் பறக்கவிடாமல் பண்ணுவார். தர்பூசணியின் தோலில் கீறல் விழாமல் உள்ளே இருப்பதைக் கூழாக்குவார். அப்படியெல்லாம் அந்த நிகழ்ச்சியில் காட்டினார்கள். எதிரில் நின்றவர் ஷூ ஷியாவ்தோங். பெய்ஜிங்கில் எம்.எம்.ஏ. கோச். வாய் கொஞ்சம் நீளம்.

மணி அடித்தது. ஷூ நேராகப் பாய்ந்தார். வெய் லெய் பின்னாலேயே போனார், விழுந்தார், மேலே குத்து மழை. நடுவர் ஓடிவந்து பிரித்துவிட்டார். மொத்தம் அரை நிமிஷம்கூட ஆகல. நம்ம காலேஜ் கேன்டீன்ல டோக்கன் வாங்கவே இதைவிட அதிக நேரம் ஆகும்!

அந்த வீடியோ சீனா முழுக்கப் பரவியது. எல்லோரும் கேட்ட கேள்வி ஒண்ணுதான்... ‘அப்போ குங்ஃபூ எல்லாம் டுபாக்கூரா?’

கேள்வியே கொஞ்சம் தப்புன்னு தோணுது. தோற்றது தாய்ச்சியா, அல்லது அதை வெய் லெய் பழகின விதமா? ‘பழகும்போது எதிர்ல நிஜமாவே அடிக்க வர்ற ஒரு ஆள் இருந்தாரா, இல்லையா?’ன்னு கேட்டா, விஷயம் சட்டுனு பிடிபடும். அதுக்குப் பேர்தான் ஸ்பாரிங். ஜோடி போட்டு, முன்கூட்டியே பேசி வெச்சுக்காம, ரெண்டு பேரும் ஜெயிக்கப் பார்க்கிற பயிற்சி.

ஃபேனும் ஏ.சி.யும்

சீனத் தற்காப்புக் கலைகளில் பயிற்சி ஒரு ஏணி மாதிரி. முதல் படி, அசையாமல் நிற்பது. குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி தொடை நடுங்க நிற்கணும். அடுத்தது தாவோலு, அதாவது வரிசைப்படுத்தப்பட்ட அசைவுகள். கராத்தே கிளாஸ் போனவங்களுக்கு ‘கட்டா’ தெரியும் இல்லையா, அதோட சீனத்து அண்ணன். பிறகு, இரண்டு பேர் சேர்ந்து செய்யும் செட். நீ இப்படிக் குத்து, நான் இப்படித் தடுக்கிறேன் என்று எல்லாம் மனப்பாடம். அதுக்கும் மேலே போனால், தாய்ச்சியில் ‘துய் ஷோவ்’, விங் சுன்னில் ‘சி சாவ்’.

இந்த இரண்டும் செம சுவாரஸ்யமான ஐட்டங்கள். துய் ஷோவ்ல ரெண்டு பேரும் மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டிக்கொண்டு, கைகளை வட்டமாகச் சுற்றுவார்கள். தள்ளினால் அவர் வழிவிடுவார். இழுத்தால் கூடவே வருவார். எந்த நொடியில் எதிராளியின் எடை ஒரு காலில் அதிகமாக விழுகிறதோ, அந்த நொடியில் சின்னதா ஒரு தள்ளு. ஆள் காலி! எதிராளி என்ன செய்யப்போறார்னு தொடுதலிலேயே தெரிஞ்சுக்கிற இந்தத் திறமைக்குச் சீனர்கள் வைத்திருக்கும் பெயர் ‘திங் ஜின்’. கேட்கும் சக்தின்னு அர்த்தம். காதால் இல்லை பாஸ், தோலால் கேட்கிறது!

‘சி சாவ்’ என்றால் ஒட்டும் கைகள். கையும் கையும் உரசிக்கொண்டே உருளும். இடைவெளி கிடைத்தால் உடனே குத்து. நல்லாப் பழகினவங்க கண்ணை மூடிக்கொண்டே செய்வார்கள்.

ஏணியின் கடைசிப் படிதான் ‘சான் ஷோவ்’. கட்டவிழ்ந்த கை. எந்த வரிசையும் கிடையாது, எந்த ஒப்பந்தமும் கிடையாது. இதுதான் சுதந்திர ஸ்பாரிங்.

ஒரு இன்ஜினீயரிங் உதாரணம் சொல்லிக்கிறேன், கோச்சுக்காதீங்க. சீலிங் ஃபேன் நாலில் வைத்தால் நாலில் சுற்றும். ரூம் ஃபிரீஸர் மாதிரி ஆனாலும் அது பாட்டுக்குச் சுற்றும். அதுக்கு ரூம்ல என்ன நடக்குதுன்னே தெரியாது. ஏ.சி. அப்படி இல்லை. வெப்பத்தை அளந்து, அதுக்கேற்ப தன்னை மாற்றிக்கொள்ளும். தாவோலு மட்டும் பழகுகிறவர் ஃபேன். அசைவு அழகா இருக்கும், ஆனால், எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்ற தகவல் உள்ளே வர்றதே இல்லை. துய் ஷோவ்ல பாதித் தகவல் வருகிறது. கை ஒட்டியிருக்கும் வரைக்கும். நாலு அடி தள்ளி நின்று ஒருத்தன் ஓடிவந்தால்? அங்கேதான் வெய் லெய் மாட்டிக்கிட்டார். ‘கேட்கிறதுக்கு’ கை ஒட்டணுமே... ஷூ ஒட்டவே விடலையே!

சின்ன வயசுல நானும் ஆறு மாசம் ஒரு கராத்தே கிளாஸுக்குப் போனவன்தான். கட்டாவில் மாஸ்டரிடம் ‘வெரிகுட்’ எல்லாம் வாங்கியிருக்கேன். முதல்முறை எதிரில் ஒரு பையனை நிறுத்தி ‘ஸ்டார்ட்’ என்றதும் நான் செய்த முதல் காரியம்... இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டது! யாரும் அதைக் கற்றுக்கொடுக்கலை. முகத்தை நோக்கி ஒரு கை வந்தால் உடம்பு தானாகச் செய்யும். அந்த மூடும் பழக்கத்தை உடைக்க கட்டா உதவாது. நூறு முறை கை முகத்துக்கு வந்தால்தான் நூற்று ஒண்ணாவது முறை கண் திறந்திருக்கும்.

ஜெனரல் சொன்ன சேதி

‘ஸ்பாரிங் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. பாரம்பரியக் கலையில அதுக்கு இடமில்லை’ன்னு சில மாஸ்டர்கள் சொல்வது உண்டு. ம்ஹூம்! இதுக்குப் பதில் 16-ம் நூற்றாண்டிலேயே இருக்கு.

மிங் வம்சத்தின் தளபதி சி ஜிகுவாங். சீனாவின் கிழக்குக் கடற்கரையைச் சூறையாடிய கடற்கொள்ளையர்களை விரட்டியவர். 1560 வாக்கில் அவர் எழுதிய ‘ஜிஷியாவ் ஷின்ஷு’ ராணுவப் பயிற்சி நூல். அதில் கைச்சண்டைக்கென்றே தனி அத்தியாயம், 32 நிலைகளின் படங்களோடு. பெரிய போரில் கைச்சண்டையால் பிரயோஜனம் இல்லை, ஆனால், உடம்பைப் பழக்க அதுதான் அடிப்படை என்று ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறார் மனுஷன். பார்க்க அழகாக, உபயோகத்துக்கு ஆகாமல் இருக்கும் பூ வேலை அசைவுகளைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

முக்கியமான விஷயம், வித்தையைக் கற்றவன் அதை எதிராளியிடம் சோதித்தே ஆகணும் என்கிறார். தோற்றால் வெட்கப்படாதே, ஜெயித்தால் துள்ளாதே. எப்படி ஜெயித்தேன், எதனால் தோற்றேன் என்று யோசி. மறுபடி போய் முயற்சி செய். பயம் வருகிறதா? அப்படின்னா வித்தை இன்னும் ஆழமாகவில்லை என்று அர்த்தம். இதுதான் அவர் சொன்னதன் சாரம். 450 வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த ஒரு மிலிட்டரி ஆபீஸர், இன்னிக்கு எந்த பாக்ஸிங் ஜிம் கோச்சும் சொல்றதை அப்படியே சொல்லியிருக்கார்! ஸோ, ஸ்பாரிங் செய்யாத குங்ஃபூதான் பாரம்பரியத்திலிருந்து விலகிப்போன குங்ஃபூ.

(போதிதர்மர் எங்கேன்னு தேடுறவங்களுக்கு... நம்ம ஊர் ஆளாச்சேன்னு எனக்கும் ஆசைதான். ஆனா, அவரை ஷாவ்லின் உடற்பயிற்சியோடு சேர்த்துச் சொல்லும் நூல், அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷம் கழிச்சு 17-ம் நூற்றாண்டில்தான் வருது. அது தனிக் கட்டுரைக்கான மேட்டர்.)

ஏணியில் ஒரு படி காணோம்

அப்புறம் அந்தக் கடைசிப் படியை உருவினது யாரு? ஒருத்தர் இல்லை, பல பேர் சேர்ந்து.

முதல் காரணம் ரொம்ப நியாயமானது. வெறும் கையோடு முழு பலத்தில் மோதினால் பல் போகும், விரல் உடையும். அந்தக் காலத்து விவசாயிக்குக் கை உடைந்தால் அந்த வருஷச் சாப்பாடே போச்சு. அதனால், ‘தியன் தாவ் வெய் ஜி’ என்றொரு மரியாதை. அதாவது தொட்டால் போதும், நிறுத்திக்கொள். அடி உன் மூக்கு வரைக்கும் வந்தது, நான் நினைச்சிருந்தா உடைச்சிருக்கலாம், விட்டுட்டேன். பெரிய மனுஷத்தனம்தான், சந்தேகமே இல்லை. ஆனால், இதுக்குள்ள ஒரு வில்லங்கம் இருக்கு. தினமும் மூக்குக்கு முன்னாடி நிறுத்திப் பழகினவனுக்கு, நிஜ மூக்கு வந்தாலும் கை அங்கேதான் நிற்கும். தன் அடி உண்மையிலேயே வேலை செய்யுமா என்பது அவனுக்குக் கடைசிவரைக்கும் தெரியாது.

இரண்டாவது, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாய்ச்சி நகரத்துக்கு வந்தது. பெய்ஜிங், ஷாங்காய் என்று படித்தவர்களும் வசதியானவர்களும் ஆரோக்கியத்துக்காகக் கற்றுக்கொண்டார்கள். அவங்களுக்கு மூட்டுவலி போகணும், மூக்கு உடையக் கூடாது! அதில் தப்பே இல்லை. ஆனால், அவர்களிடம் கற்றவர்கள் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, ‘இது சண்டைக் கலை’ என்ற போர்டு மட்டும் கழற்றப்படவே இல்லை.

நடுவில் ஒரு முயற்சி நடந்தது. 1928-ல் நான்ஜிங்கில் ஜாங் ஜிஜியாங் தலைமையில் மத்திய குவோஷு நிறுவனம் தொடங்கி, அதே வருஷம் அக்டோபரில் தேசிய அளவில் தேர்வு வைத்தார்கள். தாவோலு செய்து காட்டினால் மட்டும் பாஸ் கிடையாது, மோதியும் காட்டணும். பாதுகாப்பு சாதனங்கள் குறைவு, காயங்கள் எக்கச்சக்கம். ‘இப்படியே போனா உயிரே போயிடும்’ என்று, கடைசியில் மிஞ்சியவர்களை மோதவிடாமலே முடித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் நவம்பரில் ஹாங்ஜோவ் நகரில் மேடை போட்டு மறுபடி போட்டி. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மோதினார்கள். கண், தொண்டை, இன்ன பிற ‘சென்சிட்டிவ்’ இடங்களில் அடிக்கக் கூடாது என்று விதி. ஜெயித்தவர் வாங் ஸிசிங். மல்யுத்தப் பின்னணி கொண்டவர். எதிர்த்து நிற்கிற உடம்பைத் தூக்கிப் போட்டே பழகினவர். இதுல ஆச்சர்யப்பட என்ன இருக்கு, சொல்லுங்க?

1949-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பிறகு கதை மாறியது. தனிப்பட்ட மோதல்கள் பழைய காலத்து ரவுடித்தனம் என்று ஓரங்கட்டப்பட்டன. 1956-ல் 24 அசைவுகள் கொண்ட எளிய தாய்ச்சியை அரசே வடிவமைத்தது. பார்க்குகளில் தாத்தா பாட்டிகள் செய்கிறார்களே, அதேதான். வூஷு என்பது ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி நடுவர்கள் மார்க் போடும் விளையாட்டானது. ஜெட் லீயை எடுத்துக்கோங்க. 1970-களில் சீனாவின் தேசிய சாம்பியன், அதுவும் தொடர்ச்சியாக. ஆனால், எதில் சாம்பியன்? தாவோலுவில்! யாரையும் அடிக்காமல், யாரிடமும் அடி வாங்காமல் ஜெயித்த பட்டங்கள் அவை. ஜெட் லீ ரசிகர்கள் அடிக்க வராதீங்க... அந்த உடம்பும் வேகமும் நூறு சதவிகிதம் நிஜம். சண்டை சாம்பியன் என்பது மட்டும் நாமாக நினைச்சுக்கிட்டது.

மூக்கில் ரத்தம், பேப்பரில் தொடர்கதை

சீன நிலப்பரப்பில் படி உருவப்பட்ட அதே காலத்தில், அங்கிருந்து வெளியேறிய மாஸ்டர்கள் ஹாங்காங்கில் குவிந்தார்கள். யார் பெரியவர் என்று பத்திரிகைகளில் வாய்ச்சண்டை தொடங்கி, 1954 ஜனவரி 17 அன்று பக்கத்து மக்காவ்வில் மேடை வரைக்கும் போய்விட்டது. ஒருவர் வூ கோங்யி. வூ பிரிவு தாய்ச்சியின் தலைவர், ஐம்பதைத் தாண்டியவர். இன்னொருவர் வெண்கொக்குப் பாணியின் சான் ஹாக்ஃபூ, முப்பதுகளில் இருந்த இளைஞர். முந்தைய கிறிஸ்துமஸ் இரவில் ஹாங்காங்கின் ஷெக் கிப் மெய் குடிசைகள் எரிந்து 50,000-க்கும் மேற்பட்டோர் வீடிழந்திருந்தார்கள். அவர்களுக்கான நிதி திரட்டலும் இதில் சேர்ந்துகொள்ள, கூட்டம் அலைமோதியது.

இந்தச் சண்டையின் படச்சுருள் இன்னும் இருக்கு. பார்த்தால் கொஞ்சம் ஷாக் ஆவீங்க. தாய்ச்சியின் வழுக்கலும் இல்லை, கொக்கின் சிறகடிப்பும் இல்லை. இரண்டு பேரும் கைகளை விசிறி விசிறி அடிக்கிறார்கள், பின்வாங்குகிறார்கள், மறுபடி விசிறுகிறார்கள். ஸ்கூல் கிரவுண்ட் சண்டை மாதிரி! சானின் மூக்கில் ரத்தம். இரண்டாவது ரவுண்டிலேயே நிறுத்திவிட்டார்கள். முடிவு? வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, டிராவும் இல்லை! நம்ம யுனிவர்சிட்டி ரிசல்ட்ல ‘வித்ஹெல்டு’ன்னு போடுவாங்களே, கிட்டத்தட்ட அது.

இரண்டு பேரையும் கிண்டல் பண்ண மனசு வரலை. பெயரையும் பள்ளியையும் பணயம் வெச்சு மேடை ஏறினாங்களே, அதுக்கே ஒரு தில் வேணும். ஆனால், ஒரு வாழ்நாள் முழுக்கக் கற்ற அசைவுகள், எதிராளி ஒத்துழைக்காத முதல் நொடியில் எங்கே போய் ஒளிஞ்சுக்குதுன்னு அந்தப் படச்சுருள் காட்டுது.

சண்டை நடந்த மூணாவது நாள், ஹாங்காங் பத்திரிகை ஒன்று இந்தச் சூட்டோடு சூடாக ஒரு வீர சாகசத் தொடர்கதையை ஆரம்பித்தது. எழுதியவர் லியாங் யூஷெங். அடுத்த வருஷம் ஜின் யோங்கும் களமிறங்க, மாஸ்டர்கள் கூரைக்குக் கூரை பறக்கும் புதிய வூஷியா நாவல்கள் பிறந்தன. நாம ரசிச்ச படங்களில் பாதிக்கு மூலக்கதை அங்கேதான். நிஜச் சண்டை சொதப்பலில் முடிய, கற்பனைச் சண்டை சூப்பர்ஹிட்!

அதே ஹாங்காங்கில் வேறொரு கோஷ்டியும் இருந்தது. இப் மேனிடம் விங் சுன் கற்ற இளைஞர்கள். இவங்க சி சாவ்வோடு நிற்கலை. மொட்டை மாடி, சந்து என்று கிடைத்த இடத்தில் மற்ற பள்ளிப் பசங்களோடு மோதினார்கள். அதில் பெயர் எடுத்தவர் வோங் ஷுன் லியுங். இந்த மோதலுக்கு கான்டனீஸ் மொழியில் ‘கோங் சாவ்’ என்று பெயர். கையால் பேசுவது! வோங்கின் பட்டப்பெயரே ‘கோங் சாவ் வோங்’தான், அதாவது கைப்பேச்சு ராஜா. அவரிடம் பழகிய ஜூனியர் பையன் ஒருத்தன் 1958-ல் பள்ளிகளுக்கு இடையிலான பாக்ஸிங் போட்டியிலும் ஜெயித்தான். அந்தப் பையன் பெயர் புரூஸ் லீ.

1964-ல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் புரூஸ் லீயும் வோங் ஜாக் மேன் என்ற மாஸ்டரும் மூடிய கதவுக்குள் மோதினார்கள். யார் ஜெயித்தார் என்பதில் இன்றுவரை இரண்டு தரப்பும் இரண்டு கதை சொல்லும். ஆனால், புரூஸ் லீ திருப்தியாக வெளியே வரவில்லை என்பது மட்டும் நிச்சயம். மூச்சு வாங்கியது, கற்ற முறை கைகொடுக்கவில்லை என்று தன்னையே போட்டு வறுத்தெடுத்தார். ஓட்டம், பாக்ஸிங், கத்திச்சண்டை விளையாட்டான ஃபென்சிங் என்று எல்லாவற்றையும் பிரித்து மேய்ந்தார். 1967-ல் லாங் பீச் கராத்தே போட்டியில் அவர் காட்டியது உடைந்த ஓடுகளை அல்ல. ஹெட்கார்டும் மார்புக் கவசமும் மாட்டிக்கொண்டு முழு வேக ஸ்பாரிங்!

‘ரொம்ப டேஞ்சர் தம்பி!’

ஸ்பாரிங் வேண்டாம் என்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம்... ‘எங்க வித்தை கண்ணைக் குத்தும், தொண்டையை உடைக்கும். விளையாட்டா செய்ய முடியாது தம்பி!’

கேட்கும்போது சரின்னுதான் தோணும். ஆனால், யோசிச்சுப் பாருங்க. கண்ணில் குத்துவதை யாரும் முழு வேகத்தில் பழக முடியாது. ஆக, அந்த மாஸ்டர் வாழ்நாளில் ஒருமுறைகூட நிஜமாகச் செய்யாத அடி அது. எதிரில் நிற்கும் பாக்ஸரோ, அசையும் தலையை நோக்கிச் சாதாரண நேர் குத்தைப் பல்லாயிரம் முறை விட்டுப் பழகினவர். சாதுவான அடியை நிஜமாகப் பழகினவர், பயங்கர அடியைக் கற்பனையில் பழகினவரைச் சாப்பிட்டுவிடுவார். ஜப்பானில் 1882-ல் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ இதைப் புரிந்துகொண்டார். ஆபத்தான பிடிகளைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, மீதியை முழு பலத்தில் மோதிப் பழகவைத்தார். விஷயம் அவ்வளவு சிம்பிள்.

சீனாவும் பிறகு அதே வழிக்குத்தான் வந்தது. 1979-ல் சில விளையாட்டுக் கல்லூரிகளில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது ‘சாண்டா’. பழைய சான் ஷோவ்தான், கிளவுஸ் மாட்டிக்கொண்டு திரும்ப வந்தது. குத்து, உதை, தூக்கிப் போடுதல் மூன்றும் உண்டு. ரவுண்டுக்கு இரண்டு நிமிஷம், மூன்றில் இரண்டு ரவுண்டு எடுத்தால் வெற்றி. 8 மீட்டர் சதுர மேடை, உயரம் 80 செ.மீ. கயிறு கிடையாது. எதிராளியை மேடையிலிருந்து கீழே தள்ளினால் பாயின்ட். பழைய மேடைச் சண்டையின் வாசனை அதில் இன்னும் இருக்கு. 2019 ஆகஸ்டில் ஷென்ஜென் நகரில் 42 நொடியில் ஜெயித்து, யு.எஃப்.சி.யின் முதல் சீன சாம்பியனான ஜாங் வெய்லி சாண்டா பழகியவர்தான்.

செம காமெடி என்னன்னா, வெய் லெய்யை வீழ்த்திய ஷூ ஷியாவ்தோங்கும் முதலில் கற்றது சாண்டாதான். பெய்ஜிங்கின் ஷிச்சாஹாய் விளையாட்டுப் பள்ளியில். ஜெட் லீ பயிற்சி எடுத்த அதே பள்ளி! ஒரே கேட்டுக்குள்ளே இரண்டு வகுப்பறைகள். ஒண்ணுல எதிராளி உண்டு, இன்னொண்ணுல இல்லை.

ஷூவுக்கு மாலை மரியாதையா கிடைத்தது? அட போங்க! அந்த மோதல் தற்காப்புக் கலையின் அறத்துக்கே எதிரானது என்றது சீன வூஷு சங்கம். அவருடைய வெய்போ கணக்கு காணாமல் போனது. பிறகு, புகழ்பெற்ற தாய்ச்சி மாஸ்டர் ஒருவரை அவமதித்த வழக்கில் தோற்று, அபராதமும் மன்னிப்பும் என்று அலைந்தார். அவர் பேச்சில் நாகரிகம் குறைவு என்பது உண்மை. ஆனால், அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் மேடையில் யாரும் பதில் சொல்லவே இல்லை.

மாறாக, 2020 மே மாதம் இன்னொரு வீடியோ வந்தது. 70-ஐ நெருங்கிய மா பாவ்குவோ என்ற தாய்ச்சி மாஸ்டர், 50 வயது அமெச்சூர் ஒருவரிடம் அரை நிமிஷத்தில் மூன்று முறை விழுந்தார். மூன்றாவது முறை நினைவே இல்லை. சில மாதங்களுக்கு முன்புதான், வீங்கிய கண்ணோடு ஒரு வீடியோவில் வந்து, எதிராளியின் மூக்கருகே தன் முஷ்டி போய்விட்டதாகவும், ‘தொட்டால் போதும்’ மரபுப்படி தான் நிறுத்திக்கொண்டதாகவும் விளக்கியிருந்தார். சீன இணையமே அவரைக் கலாய்த்துத் தீர்த்தது. எனக்கு அந்த வீடியோவைப் பார்த்துச் சிரிப்பு வரலை. அவர் பொய் சொன்னார்னுகூட நினைக்கலை. கற்ற நாளிலிருந்து, தன்னிடம் படிக்கும் சீடர்கள் தொட்டவுடன் விழுந்துகொண்டே இருந்தால், எந்த மனுஷனும் நம்பத்தான் செய்வார். இருபது வயசில் பயிற்சிக்கூடத்தில் நாலு பேர் முன்னாடி தெரிஞ்சிருக்க வேண்டியது, எழுபதை நெருங்கும்போது கோடிப் பேர் முன்னாடி தெரிஞ்சுது. அதே வருஷம் ஜூலையில் வூஷு சங்கம், யாரும் தன்னை ‘மகா குரு’ என்றெல்லாம் அழைத்துக்கொள்ளக் கூடாது என்று அறிக்கை விட்டது.

இதைப் படிச்சுட்டு ஹாஸ்டல் ரூம்மேட்டை எழுப்பி மூக்கில் குத்திப் பார்க்காதீங்க பாஸ்! ஸ்பாரிங் என்றால் தினமும் நாக்அவுட் இல்லை. பெரும்பாலும் பாதி வேகம், கால்வாசி பலம்தான். ஹெட்கார்ட் தோலைக் காப்பாற்றும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. 2013-லிருந்து ஆண்கள் அமெச்சூர் பாக்ஸிங்கின் மேல்மட்டப் போட்டிகளில் ஹெட்கார்டையே எடுத்துவிட்டார்கள். பார்த்துக்கொள்ள ஒரு நல்ல கோச், நிறுத்துன்னா நிறுத்துற பார்ட்னர், இரண்டும் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. தாவோலுவும் வீண் இல்லை. காலும் இடுப்பும் சேர்ந்து வேலை செய்வதை அதைவிட நன்றாகச் சொல்லித்தரும் வழி குறைவு. பார்க்கில் தாய்ச்சி செய்யும் 70 வயசுப் பாட்டிக்கு ஸ்பாரிங் எதுக்கு? அவங்க யாரையும் அடிக்கப்போறேன்னு சொல்லவே இல்லையே!

1929-ல் மேடை போட்ட ஹாங்ஜோவ் ஞாபகம் இருக்கா? 94 வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 28 அன்று, அதே நகரத்தில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் சாண்டா இறுதிச்சுற்று. பெண்கள் 60 கிலோ பிரிவு. ஒரு மூலையில் சீனாவின் வூ ஷியாவ்வெய். இன்னொரு மூலையில் நம்ம மணிப்பூர் பொண்ணு ரோஷிபினா தேவி. 2018-ல் ஜகார்த்தாவில் வெண்கலம் வாங்கியவர். ஊரில் மாதக்கணக்கில் கலவரம். பயிற்சி முகாமில் இருந்தவருக்குக் குடும்பத்தைப் பற்றிய கவலை ஒரு பக்கம், தினசரி ஸ்பாரிங் ஒரு பக்கம்.

ரோஷிபினா முதல் ரவுண்டு தோற்றார். மேடையின் மூலைக்கு வந்து, தண்ணீர் குடித்து, இரண்டாவது ரவுண்டுக்குப் போனார். அதையும் தோற்றார். 2-0. வெள்ளிப் பதக்கம். அதை மணிப்பூர் மக்களுக்குச் சமர்ப்பிக்கிறேன் என்று சொல்லும்போது அழுதுவிட்டார்.